வாடகைக்கு விட முதல் வீடா? கடனுக்கு முன் ஒரு கணக்கு

வாடகைக்கு விடலாம் என்று முதல் வீடு வாங்கப் போகும் நண்பர்கள் ஒரே கணக்கைத்தான் காட்டுகிறார்கள்: மாதத் தவணை இவ்வளவு, வாடகை இவ்வளவு, சரியாகப் போய்விடும். போகாது. வருடத்தில் 1 மாதம் காலியாகக் கிடந்தாலே 8 சதவீத வாடகை போச்சு. அப்புறம் வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் மீதியிலிருந்துதான்.

தவணையையும் பிரித்துப் பாருங்கள். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஏறக்குறைய 83 சதவீதம் வட்டிக்கே போகிறது. தொடக்க வருடங்களில் அசல் குறைவதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் டவுன் பேமெண்ட், அதாவது கடன் போக நாம் கையிலிருந்து போடும் முன்பணம், கூடுதலாகப் போடுவது நல்லதுதான். ஆனால் கையிலிருப்பது மொத்தத்தையும் அதில் கொட்டிவிடாதீர்கள். 6 மாதத் தவணைக்காவது பணம் தனியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வாடகைக்காரர் காலி செய்தாலும் தவணைத் தேதி நிற்காது.

இன்னொன்று. வாடகைக்கு விடும் வீடு என்றால் சில வங்கிகள் கூடுதல் வட்டி கேட்கலாம். அதற்குப் பயந்து, நாங்களே குடியிருக்கப் போகிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்லும் தரகர் பேச்சைக் கேட்காதீர்கள். அது மோசடி, கடனையே திருப்பிக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் யாருக்காவது கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.