அலுவல் பட்டியலில் ஒரு வரி

தமிழ்நாட்டைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ஒருவரின் உதவியாளராகத் தில்லியில் பணியாற்றியபோது, ஒரு குளிர்காலக் கூட்டத்தொடரில் ஏறத்தாழ இரண்டு வாரங்களை ஒரே ஒரு பொருளை அவையின் முன் கொண்டுவருவதற்காகச் செலவிட்டோம். எங்கள் தொகுதியின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து சென்ற மீனவர்கள் எல்லை தாண்டியதாகக் கூறிப் பிடிக்கப்பட்டிருந்தார்கள்; அவர்களுடைய விசைப்படகுகளும் திரும்பவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவரின் மனைவி நாள்தோறும் மாலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்னைக்குப் பேசினாங்களா தம்பி?" என்று கேட்பார்.

ஓர் உறுப்பினர் நினைத்த நேரத்தில் எழுந்து பேசிவிடலாம் என்றுதான் வேலையில் சேரும்வரை நானும் எண்ணியிருந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் மக்களவைச் செயலர் ஓர் அலுவல் பட்டியலைத் தயாரிக்கிறார். அதில் இடம்பெறாத எதையும் அவைத்தலைவரின் அனுமதியின்றி எடுத்துக்கொள்ள முடியாது என்று நடைமுறை விதி 31 கூறுகிறது. அரசின் மசோதாக்களுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அவைத்தலைவரின் தலைமையில் கூடும் அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது. அந்தப் பட்டியலை ஒதுக்கிவைத்து வேறொரு பொருளை விவாதிக்கக் கோருவதற்கான வழி, விதி 56-இன் கீழ் வரும் ஒத்திவைப்புத் தீர்மானம். அரசைக் கண்டிக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் மாநிலங்களவையில் அதற்கு இடமில்லை.

முதல் நோட்டீஸை நான்தான் எழுதினேன். மீனவர் பிரச்சினையின் நெடுங்கால வரலாறு, திருப்பித் தரப்படாத படகுகள், நிவாரணம், டீசல் மானியம் என அனைத்தையும் ஒரே தாளில் அடக்கி, காலை பத்து மணிக்குள் சேர்ப்பித்தேன். உரிய அமைச்சருக்கும் நாடாளுமன்ற விவகார அமைச்சருக்கும் படி அனுப்பியிருந்தேன். அனுமதி கிடைக்கவில்லை. கட்சியின் கொறடா அலுவலகத்தில் பல்லாண்டு அனுபவம் கொண்ட ஒருவர் என்னை உட்காரவைத்து விதி 58-ஐ வரி வரியாகப் படிக்கச் சொன்னார். ஒரு தீர்மானத்தில் ஒரு பொருள் மட்டுமே இருக்க வேண்டும். அது அண்மையில் நிகழ்ந்த குறிப்பிட்ட நிகழ்வாக இருக்க வேண்டும். மத்திய அரசின் பொறுப்புக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். நெடுங்காலமாகத் தொடர்வது என்று நான் அழுத்தி எழுதியதே எங்கள் கோரிக்கையைப் பலவீனப்படுத்தியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது நோட்டீஸில் அந்த வாரக் கைது ஒன்றை மட்டும் ஆறு வரிகளில் எழுதினேன். அன்று காலை பதினொரு மணிக்கு அவை கூடியதும் எங்கள் உறுப்பினர் எழுந்து, தமது நோட்டீஸின் நிலை என்ன என்று கேட்டார். கேள்வி நேரம் முடியட்டும், பன்னிரண்டு மணிக்குப் பார்க்கலாம் என்றார் அவைத்தலைவர். வேறொரு கட்சியின் உறுப்பினர், விதி 388-இன் கீழ் கேள்வி நேரத்தையே நிறுத்திவைத்து இன்னொரு பொருளை எடுக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் ஒழுங்குப் பிரச்சினை, அதாவது அவை விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபம், எழுப்பினார். "எந்த விதி மீறப்பட்டது?" என்று அவைத்தலைவர் கேட்க, அவர் 376 என்றார். அது ஒழுங்குப் பிரச்சினையை எழுப்பும் முறையைச் சொல்லும் விதி. மீறப்பட்ட விதி எது என்பதற்கு அது விடையாகாது. மேலும், அந்த நேரத்தில் அவையின் முன் இருக்கும் அலுவலைப் பற்றி மட்டுமே ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப முடியும்; அப்போது அவையின் முன் இருந்தது, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளில் முதலாவது.

பன்னிரண்டு மணிக்கு ஆவணங்கள் அவையில் வைக்கப்பட்ட பின், அவைத்தலைவர் வழக்கமான அறிவிப்பை வாசித்தார்: பொருள்கள் முக்கியமானவையே என்றாலும் அன்றைய அலுவலை நிறுத்த வேண்டிய அளவுக்கு இல்லை, அவற்றை வேறு வாய்ப்புகளில் எழுப்பலாம், ஆகவே எந்த நோட்டீஸுக்கும் அனுமதி இல்லை. ஒருவேளை அவர் இசைவு தந்து, அதற்கு ஆட்சேபம் எழுந்திருந்தால், ஐம்பது உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரித்தால்தான் மாலை நான்கு மணிக்கு விவாதம் தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்தை நாங்கள் எட்டவே இல்லை. பட்டியலில் உள்ள மசோதாவுக்காகப் பிற உறுப்பினர்கள் ஆயத்தமாகி வந்திருப்பார்கள் என்பதால் இந்தக் கடுமை தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் "வேறு வாய்ப்புகள்" என்று சொல்லப்படுபவை உண்மையில் கைக்கு எட்டினால்தான் அந்த மறுப்பு நியாயமாகும்.

அவற்றுள் முதலாவது, கேள்வி நேரத்துக்குப் பின் உறுப்பினர்கள் அவசரப் பொருள்களைச் சுருக்கமாக எழுப்பும் பூஜ்ஜிய நேரம். விதிப் புத்தகத்தில் அந்தப் பெயரே கிடையாது; வழக்கத்தில் நிலைத்த ஒன்று. நோட்டீஸ்கள் குலுக்கலுக்குச் செல்லும். எங்களுக்கு ஒருநாள் இடம் கிடைத்தது. உறுப்பினர் தமிழில் பேச விரும்பியதால் மொழிபெயர்ப்பாளருக்காக அதை முன்கூட்டியே தெரிவித்தோம். அவர் பெயர் அழைக்கப்படும் முன்பே அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் புதிய நோட்டீஸ் கொடுத்தோம். குலுக்கலில் பெயர் வரவில்லை.

எஞ்சியது, ஒரு பொருளைச் சிறு உரையாக அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் விதி 377. உரை 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற உரையை மட்டுமே படிக்கலாம். மீனவர்களின் எண்ணிக்கை, பிடிபட்ட நாள், படகுகளின் நிலை, தூதரகம் வழியாக அரசு செய்ய வேண்டியது என்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் வெட்டினேன். அனுமதி வந்தது. அன்றும் அவையில் அமைதியில்லை. 377-இன் கீழ் அனுமதி பெற்றவர்கள் உரையை அவையின் மேசையில் அளித்துவிடலாம் என்று அவைத்தலைவர் இருக்கையிலிருந்து அறிவிப்பு வந்தது. உறுப்பினர் நடந்து சென்று அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அன்று மாலையும் அந்த அம்மா அழைத்தார். பேசவில்லை, ஆனால் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும், அமைச்சகம் பதில் அனுப்ப வேண்டும் என்று விளக்கினேன். அச்சானதும் தமக்கு ஒரு படி வேண்டும் என்றார். நடவடிக்கைக் குறிப்பு வந்ததும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, தமிழாக்கத்தையும் இணைத்து அவருக்கு அஞ்சலில் அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அமைச்சகத்திலிருந்து வந்த கடிதத்தின் நகலையும் அதே முகவரிக்கு அனுப்பிவைத்தேன்.