குங்குமச் சிமிழ் கவிழ்ந்த தலை

சித்தி பெண் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டிலேயே பர்கண்டி டை அடித்துக்கொண்டேன். வேர்ப்பக்கம் இரண்டு அங்குலம் பளீர் சிவப்பு, அதற்குக் கீழே பழைய கறுப்பு அப்படியே. தலைச்சூட்டில் வேரில் நிறம் சீக்கிரம் ஏறிவிடும், ஏற்கெனவே டை அடித்த முடியைப் புது டை வெளுக்காது. இரண்டும் அப்புறம்தான் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, குங்குமச் சிமிழ் கவிழ்ந்துடுச்சா?" என்றாள்.

பார்லரில் ப்ளீச் பண்ணிச் சரிசெய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பல வருஷமாகப் பாக்கெட் மருதாணி வேறு போட்டிருக்கிறேன். அதில் உலோக உப்பு கலந்திருந்தால், ப்ளீச்சில் இருக்கும் பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி வெந்தே போகும்.

சிவப்பை எடுப்பதைவிட மறைப்பது சுலபம். இரண்டு நாள் பொடுகு ஷாம்பூ போட்டு அலசியதில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது, தலையும் கொஞ்சம் மங்கியது. அப்புறம் அமோனியாவும் பெராக்சைடும் இல்லாத அடர் பழுப்பு டை ஒன்றை, சீப்பில் வந்த முடியில் முதலில் போட்டுப் பார்த்து, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் அரிப்பு வருகிறதா என்று காத்திருந்து, பழைய டூத்பிரஷால் சிவந்த இடத்தில் மட்டும் தடவினேன். வெயிலில் இன்னும் லேசாகச் செம்பு அடிக்கிறது. கல்யாணத்தன்று நாலு முழம் மல்லிகையில் அதுவும் தெரியவில்லை.