வாய் திறந்து பாடினால்தான் கபடி: கைப்பேசியில் செய்து பார்த்த அனுபவம்

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கபடி விளையாட்டுகள் சிலவற்றை விளையாடிப் பார்த்தேன். சட்டை, விளக்கு, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் இருக்கிறது. மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடும் பாட்டு மட்டும் இல்லை. திரையின் மூலையில் 30 நொடி குறைந்துகொண்டே வரும், விரல் தட்டிக்கொண்டிருக்கும், வாய் மூடியே கிடக்கும். எதிராளி களத்துக்குள் பாடிக்கொண்டு போகிறவனுக்கு, அதாவது ரெய்டருக்கு, உள்ளூர ஓடுகிற பயமே நெஞ்சில் காற்று எவ்வளவு மிச்சம் என்பதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓடிப்பிடித்து விளையாடுவது மட்டும். சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை எண்ணெய் ஆலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ராத்திரிதான் நேரம் கிடைக்கும். பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. கோடோ (Godot) என்ற, விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள் எஞ்சினை இறக்கிக்கொண்டேன். 2014இல் மூல நிரலோடு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது அது. உரிமக் கட்டணம் கிடையாது, வருமானத்தில் பங்கும் கேட்பதில்லை. கையில் காசில்லாமல் விளையாட்டு செய்ய நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அதில் ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் களம் போடுவது சுலபமாக முடிந்தது: 13க்கு 10 மீட்டர், இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகல ஓரப் பட்டை (லாபி), நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதைத் தாண்டி ஒரு மீட்டரில் போனஸ் கோடு. தரைக்கு எங்கள் திடலின் செம்மண்ணைப் படம் எடுத்து ஒட்டினேன். ஆட்கள் இப்போதைக்கு மாத்திரை வடிவ உருளைகள்தான், கை கால் மட்டும் தனியாக அசையும்.

பாட்டுக்கு வருகிறேன். விளையாடுகிறவர் கைப்பேசியின் மைக்கில் நிஜமாகவே ‘கபடி கபடி’ என்று பாட வேண்டும். கோடோவின் அமைப்புகளில் ஒலி உள்ளீட்டைத் திறந்துவிட்டு, ஆண்ட்ராய்டில் மைக் அனுமதியும் கேட்டுக்கொண்டால் குரல் உள்ளே வந்துவிடுகிறது. வருகிற ஒலி ‘கபடி’தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சொல்லை அடையாளம் காணும் மென்பொருளை உள்ளே வைத்தால் என் கைப்பேசி தாங்காது. அதனால் ஒலியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்தேன். க, ப, டி மூன்றிலும் வாய் ஒரு கணம் அடைபட்டுத் திறக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒலி எழும்பி எழும்பி விழுகிறது. ‘ஆ’ என்று ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு மட்டமாகப் போகிறது. மின்விசிறிச் சத்தமும் மட்டமாகவே போகிறது. ஆகவே எழுந்து விழுகிற ஒலி மட்டும்தான் பாட்டு என்று வைத்தேன். விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் விளையாட முடிகிறது.

அடைமழை வேறு விவகாரம். தகரக் கூரையில் மழை விழும்போது அந்தச் சத்தமே ஏறி இறங்குகிறது. ஆள் வாயே திறக்காமல் ரெய்டு போய்விட்டு வரலாம். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு நொடி சுற்றுச்சத்தத்தை அளந்து, அதைவிட ஓங்கி வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். சாதாரண மழைக்குச் சரியாக இருக்கிறது. இங்கே சாயங்காலம் கொட்டுகிற மழைக்குப் போதவில்லை.

இதைவிட அதிக நேரம் எடுத்தது பாட்டு அறுவதைக் கண்டுபிடிப்பதுதான். எவ்வளவு நேரம் சத்தம் இல்லாவிட்டால் மூச்சு விட்டதாகக் கணக்கு? அரை நொடி வைத்தால் பையன்கள் நடுவில் திருட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். கால் நொடி வைத்தால் மெல்லிய குரல்காரர்கள் ஒழுங்காகப் பாடியும் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். பாட்டு அறுந்தால் ரெய்டரைத் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு புள்ளியும் பாடும் வாய்ப்பும் கொடுத்துவிடுகிறது. மூச்சு அளவு காட்டும் பட்டை எதையும் திரையில் போடவில்லை. ஆடுகிறவர் நெஞ்சிலேயே அது இருக்கும்போது திரையில் எதற்கு?

என் பெரியப்பா, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கத்துத் திடலில் சடுகுடு ஆடியவர். கைப்பேசியைக் கையில் கொடுத்தேன். மூலையில் ஓடும் 30 நொடியைக் காட்டி, “இது என்னாத்துக்குடா? மூச்சு நிக்கிறப்பதான் பாட்டு நிக்கும்” என்றார். “இப்ப விதி அப்படித்தான் பெரியப்பா” என்றேன். இரண்டையுமே வைத்திருக்கிறேன், எது முந்துகிறதோ அதுவே முடிவு. அவர் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாழ்ந்த குரலில், நிதானமாக, ஒரே சீராகப் பாடி உள்ளே போய் ஒருவரைத் தொட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூட அணியில் ஆடுகிற அத்தை பையன் ஓங்கிக் கத்தியே தொடங்குகிறான், பாதியிலேயே காற்று தீர்ந்துவிடுகிறது. இது நான் எழுதி வைத்த நிரலில் இல்லாத வித்தியாசம். அன்றைக்குத்தான் இந்த வேலையை விடக்கூடாது என்று தோன்றியது.

பிடிக்கிறவர்களைச் செய்வது பாட்டைவிடக் கடினம். 1990இல் கபடி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்ததிலிருந்து ஆண்கள் தங்கத்தை ஏழு முறை தொடர்ந்து வாங்கிய இந்தியாவை, 2018இல் ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியிலேயே நிறுத்தியது. அந்த ஈரான் அணியின் தடுப்பாட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது மூலையில் நின்று பிடிக்கும் கார்னர் ஃபசல் அத்ராசலி சும்மா நிற்பதுபோலத்தான் நிற்பார். ரெய்டரின் கால் தரையில் ஊன்றுகிற அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறார். அதையே விதியாக எழுதினேன்: ஓடும் காலைப் பிடிக்கப் போகாதே, ஊன்றிய காலுக்குப் போ. அதுவரை உருளைகள் ஏழும் ஒரே நேரத்தில் பாய்ந்து மேலே விழுந்துகொண்டிருந்தன. இப்போது கார்னர் கணுக்காலுக்குப் போகிறது, உள்பக்கம் நிற்கும் கவர் பின்னாலிருந்து வந்து வழியை அடைக்கிறது. மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தால் கொஞ்சம் துணிந்து பிடிக்கவும் செய்கிறார்கள், அப்படிக் குறைந்த ஆளோடு பிடிக்கிற சூப்பர் டேக்கிளுக்கு ஒரு புள்ளி கூடுதல் அல்லவா?

போனஸ் எடுப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் நிற்கும்போது, ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், பின்கால் காற்றில் இருக்க வேண்டும். இடது கட்டைவிரலால் ஆளை நகர்த்தி, வலது கட்டைவிரலை அழுத்தினால் முன்கால் நீளும், அழுத்தியே பிடித்தால் பின்கால் எழும்பும். இதைச் செய்யும்போது வாயும் பாடிக்கொண்டிருக்க வேண்டும். விரலில் கவனம் போனதும் பாட்டு தடுமாறுகிறது. திடலிலும் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இதுதானே நடக்கிறது!

கால் எங்கே விழுகிறது என்று சின்னத் திரையில் தெரியாமல் இருந்தது. கேமராவைத் தோளுக்கு மேலே தூக்கி, இரண்டு பாதத்துக்கும் தனித்தனி நிழல் போட்டபிறகு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை வருவதில்லை.

கார்னரும் கவரும் கைகோத்து நகர்கிற சங்கிலி இன்னும் சரியாக வரவில்லை. ஒருவர் திரும்பினால் மற்றவரின் கை முறுக்கிக்கொள்கிறது. அதற்குள் அத்தை பையனின் பள்ளியில் கபடி ஆடும் பெண்பிள்ளைகள், “அண்ணே, எங்களுக்கு எங்கே களம்?” என்று கேட்டுவிட்டார்கள். பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர், பாக் லைன் 3 மீட்டரில். அளவை மாற்றுவது நிமிட வேலை. ஆனால் அகலம் குறைந்தால் கார்னர்கள் இரண்டும் நெருங்கிவிடும், ரெய்டர் சுற்றிவர இடம் சுருங்கும். பிடிக்கிறவர்கள் பாயும் தூரத்தை எல்லாம் மறுபடி அளந்து எழுத வேண்டும். சங்கிலியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.