முளைவிட்ட ஒரு கான்ஜி: ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பாடாய்ப்படுத்தும் கான்ஜி எழுத்துகளில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் ஒன்று, உயிரையும் பிறப்பையும் குறிக்கும் ‘செய்’ (生). மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றை ஊடுருவும் ஒரு நெடுங்கோடு, இடப்பக்கம் மேலே ஒரு சாய்கோடு. எழுதுவது எளிது. ஆனால் ஜப்பானின் பொதுப் பயன்பாட்டுக் கான்ஜிப் பட்டியல் இதற்கு 12 வாசிப்புகளை, அதாவது ஒலிக்கும் முறைகளைத் தருகிறது. அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். எழுத்து வந்த வழியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

சீனாவின் அன்யாங்கில் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும் இந்த எழுத்து ஒரு படமாகவே இருக்கிறது: கீழே தரை, அதன்மேல் ஒரு முளை. கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதியும் செடிகொடிகள் மண்ணைவிட்டு வெளிவரும் வடிவம் என்றே இதை விளக்குகிறது. ஜப்பானிய வாசிப்புகளும் அந்த முளையிலிருந்தே கிளைக்கின்றன: முளைத்தல் ‘ஹாயெரு’, பிறத்தல் ‘உமாரெரு’, வாழ்தல் ‘இகிரு’, சமைக்காத பச்சை நிலை ‘நாமா’. ‘நாமா தமாகோ’ என்றால் நாம் சொல்லும் அதே பச்சை முட்டைதான். வியட்நாமியர்களும் ‘சோங்’ என்ற தங்கள் சொந்தச் சொல்லாலேயே வாழ்வதையும் பச்சையாக இருப்பதையும் குறிக்கிறார்கள். ‘ஹாயெரு’ முதல் ‘நாமா’ வரை எல்லாம் ஜப்பானியரின் சொந்தச் சொற்கள். கான்ஜிக்குப் பின்னால் ஒட்டிவரும், ஒலியை மட்டும் குறிக்கும் ஹிராகனா எழுத்துகளே எது எந்த வினை என்று காட்டிக்கொடுத்துவிடும். கேள்வித்தாளில் கண் முதலில் அங்கே போகட்டும்.

சிக்கல் சீனத்திலிருந்து வந்த இரண்டு ஒலிகளில்தான்: ‘செய்’, ‘ஷோ’. ‘ஷோ’ முதலில் வந்து சேர்ந்த அடுக்கு. பௌத்தச் சொற்களில் அதிகம் தங்கியிருக்கிறது. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கையும் ‘ஷோ-ரோ-ப்யோ-ஷி’ என்பார்கள். வாழ்நாள் முழுவதும் என்பதற்கு ‘இஸ்ஷோ’, பிறந்தநாளுக்கு ‘தன்ஜோபி’. ‘செய்’ தாங் பேரரசுக் காலத்தில் வந்த அடுக்கு: மாணவர் ‘கக்குசெய்’, ஆசிரியர் ‘சென்செய்’, வாழ்க்கை ‘ஜின்செய்’. விதி என்று சொல்லுமளவுக்கு இது கறாரானதல்ல. ஆகவே ஒலியைத் தனியே படிக்காமல் சொல்லாகவே படியுங்கள்.

தேர்வில் விடைகளுக்கிடையே ‘இஸ்ஷொ’, ‘இஸ்ஷோ’ என்று குறிலும் நெடிலும் அருகருகே நிற்கும். இங்கே கொரிய மொழி பெரிய துணை. அதே சொல் கொரிய மொழியில் ‘இல்செங்’. சீனச் சொல் கொரிய மொழியில் ‘ங்’ என முடிந்தால் ஜப்பானிய மொழியில் அந்த இடம் நீண்டு ஒலிக்கும்; ‘ல்’ என முடிந்தால் ‘சு’ அல்லது ‘சி’ வரும், சில இடங்களில் இரட்டிக்கும். ‘இல்’ இங்கே ‘இஸ்’ ஆனது, ‘செங்’ நெடிலாகி ‘ஷோ’ ஆனது. மாணவரைக் குறிக்கும் சொல்லையும் பாருங்கள்: கொரிய மொழியில் ‘ஹக்செங்’, வியட்நாமில் பள்ளி மாணவருக்கு ‘ஹொக் சிஞ்’, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ‘ஷ்வேஷெங்’. முதல் அசையின் ‘க்’ மாண்டரினில் மட்டும் உதிர்ந்துவிட்டது. கொரிய நாடகம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மாண்டரின் தெரிந்தவர்கள் மட்டும் பொருளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே ‘ஷியன்ஷெங்’ பெரும்பாலும் ‘திரு’ என்ற மரியாதைச் சொல். ஜப்பானில் அதே எழுத்துகள் ஆசிரியரையும் மருத்துவரையும் குறிக்கும். ‘ஷெங்ச்சி’ மாண்டரினில் கோபப்படுவது; ஜப்பானிய ‘செய்கி’யோ உயிர்த்துடிப்பு.

இவ்வளவும் பிடிபட்ட பிறகு, இந்த முளையைத் தன்னுள் வைத்திருக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். மேலே சூரியன் சேர்ந்தால் விண்மீன், பக்கத்தில் பெண் சேர்ந்தால் குடும்பப்பெயர், மனம் சேர்ந்தால் இயல்பு. மூன்றுக்கும் ‘செய்’ என்ற வாசிப்பு உண்டு. கொரிய மொழியில் மூன்றும் ‘சொங்’, மாண்டரினில் மூன்றும் ‘ஷிங்’. நீலத்தைக் குறிக்கும் எழுத்தின் மேல்பாதியும் பழைய வடிவத்தில் இதே முளைதான். அதனோடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயிலடிக்கும் வானம். இவையும் ‘செய்’ என்றே ஒலிக்கின்றன. அடுத்த வாரத்துக்கு அந்தக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம்.