தொரப்பள்ளிக்காரரின் காகிதங்கள்

ஜூலை 4, கிருஷ்ணகிரி
நான் எழுதும் ராஜாஜி வரலாற்றுக்காகக் கேட்டிருந்த கடித நகல்கள் தில்லியிலிருந்து இன்றும் வரவில்லை.

ஜூலை 5
அவருடைய வேலூர்ச் சிறை நாட்குறிப்பை மீண்டும் எடுத்தேன். 1921 டிசம்பரில் உள்ளே போனவர், 1922 மார்ச்சில் வெளியே வருகிறார். விடுதலை கிடைத்ததும் தேர்தல் ஊழலும் பணத்தின் அதிகாரமும் திறமையற்ற நிர்வாகமும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று ஜனவரி 24 அன்று ராஜாஜி எழுதியதை மேடைதோறும் எடுத்துச் சொல்லி, அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. மனைவியை இழந்து, ஆஸ்துமாவோடு அறையில் அடைபட்டிருந்த 43 வயது மனிதர் எழுதிய பக்கம் அது; அன்றைய இழுப்பு அதில் எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? ஆனால் இவ்வளவு அவநம்பிக்கையை எழுதியவர், அதே விடுதலைக்காக மறுபடியும் சிறைக்குப் போகிறார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்குகிறார். விளைவை நம்பாமலே வேலையைச் செய்பவர் என்று எழுதலாம் போலிருக்கிறது.

ஜூலை 7
கண்ணில் மருந்து விட்டார்கள். ஒரு வரி படிக்கவில்லை.

ஜூலை 8
ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டைப் பார்த்து வந்தேன். முன்சீப் வீட்டுப் பிள்ளை அங்கே நன்றாகவே தெரிகிறார். மனைவி இறந்த பிறகு ஐந்து குழந்தைகளோடு தனித்து நின்றவர் தெரியவில்லை. என் காகிதக் கட்டுகளிலும் அவர் இல்லை.

ஜூலை 9
ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. நம் ஊரும் அன்று சேலத்தைச் சேர்ந்ததுதான். தாத்தாவின் கூலி முழுதாக வீடு வந்த காலம் என்று பாட்டி சொல்லுவாள். எந்த ஆவணக் காப்பகத்திலும் அது இருக்காது. நான் சேர்க்கப் போகிறேன்.

ஜூலை 12
நேற்றிரவு முழுவதும் 1949. அந்த மே மாதம் பெரியார் திருவண்ணாமலையில் ராஜாஜியைத் தனியே சந்தித்தார். ஜூலையில் மணியம்மையாருடன் திருமணம். ராஜாஜி சொல்லித்தான் நடந்தது என்று நாடே பேசியது. திராவிடர் கழகம் உடைந்து, செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. அந்தத் திருமணம் வேண்டாம் என்று பெரியாருக்கு ராஜாஜி எழுதிய கடிதம் வெகுகாலம் கழித்தே வெளிவந்தது. அதைச் சொல்லியிருந்தால் பழி ஒரே நாளில் நீங்கியிருக்கும். அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி வாய் திறக்கவில்லை. நம்பி வந்து கேட்டவரின் அந்தரங்கத்தைக் காத்தார் என்று எழுத என் கை துடிக்கிறது. எதிர்முகாம் உடைவதைப் பேசாமல் வேடிக்கை பார்த்த வக்கீல் மூளை என்று வேறொருவர் எழுதினால், அதை மறுக்க அந்தக் கடிதம் மட்டும் போதாது. நான் முன்னதன் பக்கம் சாய்வது ராஜாஜி மறைந்த 1972 டிசம்பரைப் பார்த்துத்தான். சக்கர நாற்காலியில் வந்து சுடுகாட்டில் அழுத பெரியாருக்கு, அந்த மௌனத்தின் விலை மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் இது பெரியாரின் சாட்சியம்; ராஜாஜியின் காகிதம் அல்ல. அத்தியாயத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், தீர்ப்பைச் சற்று முன்னதாகவே சொல்லிவிடுவேன். மறைத்து வைத்து நடுநிலை காட்டுவது எனக்குப் பிடிக்காது.

ஜூலை 13
நகல்கள் வந்தன. மேலே கிடப்பவை எல்லாம் 1954, முதல்வராக அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம். அவர் மனைவி அலமேலு மங்கையின் பெயரைத்தான் முதலில் தேடினேன். நாளை காலை ஏழு மணிக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் அடியில் கிடக்கும் கட்டுகளையாவது