கால்பங்கு அளவில் ஆர்எச்-75 ராக்கெட், அட்டையில்

1967 நவம்பர் 20 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து கிளம்பிய இந்திய ஆய்வு ராக்கெட் ஆர்எச்-75-இன் விட்டம் 75 மில்லிமீட்டர். நாலால் வகுத்தால் 18.75. இங்கே டெக்சாஸில் கடையில் கிடைக்கிற ஏ8-3 என்ற மாதிரி ராக்கெட் மோட்டாரின் விட்டம் 18. இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட அன்று ராத்திரியே படம் வரைய உட்கார்ந்துவிட்டேன்.

200 ஜிஎஸ்எம் அட்டை, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர். உடம்புக்கு 59 மில்லிமீட்டர் அகலப் பட்டை. முதல் குழாய் குப்பைக்குப் போனது: வெள்ளைப் பசையின் ஈரம் பட்டதும் சிவப்பு மை கசிந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தடவை வெட்டுவதற்கு முன்பே தாளுக்கு அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டேன். மேஜை விளிம்பில் இழுத்து இழுத்துச் சுருள வைத்து, எரிந்துபோன பழைய மோட்டார் கூட்டின் மேல் சுற்றினேன். உள்ளே இன்னொரு சுற்று அட்டை. கீழே 6.5 சென்டிமீட்டருக்கு மட்டும் அந்த உள்சுற்று இல்லாமல் விட்டுவிட்டேன், அது மோட்டாருக்கான இடம். உள்சுற்று முடிகிற இடத்தில் ஒட்டிய அட்டை வளையம்தான் மோட்டார் மேலே ஏறாமல் தடுக்கிறது.

மூக்குக் கூம்பின் நுனியில் சூப்பர் க்ளூ ஊறவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகுகிறது. வெட்டிய விளிம்புகளில் தெரியும் வெள்ளையை மார்க்கரால் மறைத்தேன். இதற்கெல்லாம் பொறுமை இருந்தால் போதும்.

மாட்டிக்கொண்டது அழகுபடுத்தியதில். வால்துடுப்புகளின் அடியில் தாராளமாகப் பசை, அதன்மேல் மூன்று பூச்சு ஸ்ப்ரே. சமையலறைத் தராசில் 16 கிராம் காட்டியது 20 ஆகிவிட்டது, கூடியதில் பாதிக்கு மேல் வாலில். மோட்டாரைச் செருகி, சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினேன். வால் முன்னால் வந்தது! ராக்கெட் நேராகப் பறக்க, ஈர்ப்பு மையம் (எடை சமநிலைப்படும் புள்ளி) காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை செயல்படும் புள்ளி) உடம்பின் ஒரு விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும். துடுப்பு ஏற்கெனவே நிஜ அளவுவிகிதத்தைவிடப் பெரிதுதான், இன்னும் பெரிதாக்கினால் ஆர்எச்-75 சாயலே போய்விடும். கூம்புக்குள் 4 கிராம் களிமண் வைத்தேன், மூக்கு முன்னால் திரும்பிவிட்டது.

முதல் ஏவல்: 5 மீட்டர் தள்ளி நின்று பொத்தானை அழுத்தினேன். சர்ரென்று நேராகப் போனது. மூன்று விநாடி கழித்து வெடித்த வெளித்தள்ளு மருந்து, ராக்கெட்டை மெதுவாக இறக்க உள்ளே வைத்திருந்த ரிப்பனைத் தள்ளாமல் மோட்டாரையே பின்பக்கம் உதைத்துத் துப்பிவிட்டது. ராக்கெட் அம்பாக இறங்கிக் கூம்பைச் சப்பையாக்கிக்கொண்டது. தப்பு என்னுடையது, மோட்டார் இறுக்கமாக நிற்க அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒரே சுற்றுதான் சுற்றியிருந்தேன்.

புதுக் கூம்பு, மூன்று சுற்று டேப், அடுத்த ஞாயிறு காலை. இந்தத் தடவை ஆரஞ்சு ரிப்பன் படபடவென்று விரிந்தது. எடுக்கப் போனபோது பனி ஈரப் புல்லில் கிடந்தது, மை துளிகூடக் கரையவில்லை. ஒரு துடுப்பின் முனை மட்டும் மடங்கியிருந்தது. சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, மறுபடி ஏவுகம்பியில் ஏற்றினேன்.