பல்பை ஒளித்து வைத்தவர்

தொங்கு விளக்குகளில் நான் எப்போதும் பிஎச் 5 கட்சிதான். டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்தது. லூயி பவுல்சன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. படத்தில் பார்த்தால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும், இதற்கா இவ்வளவு பேச்சு என்றுகூடத் தோன்றும். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் விஷயம் புரியும்.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்த காலத்தில் வளர்ந்தவர் ஹென்னிங்சன், மூடியில்லாத மொட்டை பல்பு கண்ணைக் கூசவைப்பது அவருக்குப் பொறுக்கவே இல்லை. 1920களின் நடுவிலேயே மூன்று அடுக்கு மூடி விளக்கைக் கொண்டுவந்துவிட்டார். அந்த மூடிகளின் வளைவு மடக்கைச் சுருளை (நத்தை ஓடு மாதிரி விரிந்துகொண்டே போகும் வளைவு) ஒட்டியது, அதனால் ஒளி மூடியின் எந்த இடத்திலும் ஒரே கோணத்தில் விழுந்து சீராகப் பரவுகிறது. அப்புறம் பல்பு கம்பெனிகள் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்க, எதை மாட்டினாலும் கண் கூசாத விளக்காக பிஎச் 5-ஐச் செய்தார். பெயரில் உள்ள 5, பெரிய மூடியின் 50 செ.மீ. விட்டம். உள்ளே கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் நீலம் பூசியிருப்பார். நம் கண்ணுக்கு மஞ்சள், பச்சை நன்றாகத் தெரியும், வானவில்லின் இரண்டு ஓரங்களிலும் உள்ள சிவப்பும் நீலமும் மங்கும், அதை ஈடுகட்டத்தான் அந்தப் பூச்சு.

அதே 1958-இல் கோபன்ஹேகனின் லாங்கலீனி பெவிலியன் என்ற உணவகத்துக்காக அவர் செய்த ஆர்ட்டிசோக் விளக்கில் 12 வரிசைகளில் 72 இதழ்கள். பிரமாதம்தான், ஆனால் உயரமான கூடத்துக்குத்தான் சரி, வீட்டில் மாட்டினால் விளக்குதான் வீட்டுக்காரர். இன்னொரு டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பான்டனின் ஃபிளவர்பாட் விளக்கு (1968) ஜாலியாக இருக்கும், அவ்வளவுதான்.

கோபன்ஹேகனில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், மிச்ச நேரமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில்தான் வாழ்க்கை. அதனால்தான் பிஎச் 5-ஐச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுமார் 60 செ.மீ. உயரத்தில், நன்றாகத் தாழ்த்தித் தொங்கவிடுகிறார்கள். இதைக் கூரையோடு ஒட்டி மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அப்படி மாட்டுவதற்கு எந்த விளக்கும் போதுமே! பல்பும் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மாதிரி இதமான நிறத்தில் இருக்கட்டும், பளீர் வெள்ளையில் சிவப்பு குறைவு, அப்புறம் உள்ளே பூசிய சிவப்புக்கு என்ன வேலை?